Re: வின்மோடத்துக்குத் தமிழ்ச்சொல்

> 'மென்பொருள் மோடம்' என்றே எழுதிவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

வின்மோடம் என்பது தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தில் சேர்க்கும் மோடத்தில் ஒரு வகை, தன் வேலையின் பெரும்பகுதியைக் கணினியின் மென்பொருளிடமே விட்டுவிடும். அதை 'மென்பொருள் மோடம்' என்றால் புரியவில்லை என்பதுதான் என் அனுபவம். லினக்ஸ் பயனர்களுக்கான உதவிக் குறிப்பில் முதலில் அப்படித்தான் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர் "இதை எங்கேயிருந்து இறக்கிக்கொள்வது?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, மென்பொருள் என்றால் இறக்கி நிறுவுகிற ஒன்று என்றுதானே பழகியிருக்கிறோம்.

மடிக்கணினிக்குள் இருப்பதோ கையால் தொடக்கூடிய ஒரு சின்ன அட்டை. தொலைபேசிக் கம்பி செருக வாய்கூட இருக்கிறது, ஆனால் பண்பேற்றுவதும் (தரவை ஒலியாக்குவது) பண்பிறக்குவதும் (வந்த ஒலியிலிருந்து தரவைப் பிரித்தெடுப்பது), அதாவது மோடம் என்ற பெயருக்கே காரணமான வேலை, அதில் நடப்பதில்லை. கம்பியில் வரும் ஒலியை எண்களாக்கி உள்ளே தள்ளுவதோடு அதன் கடமை முடிந்தது, மீதியெல்லாம் மையச் செயலியின் தலையில். அந்த மீதியைப் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டும் எழுதிக் கொடுத்ததால்தான் லினக்ஸில் இத்தனை பாடு.

என் கணினியில் இருப்பது இன்டெல் ஏசி97 என்ற ஒலி-மோடம் தரத்தைச் சேர்ந்த வகை. லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவின் மோடம் இயக்கியை ஏற்றி, மீதி வேலையைச் செய்யும் எஸ்எல்மோடம்டி (slmodemd) நிரலை ஓடவிட்ட பிறகுதான் டிடிஒய்எஸ்எல்0 (ttySL0) என்ற மோடம் சாதனம் கண்ணில் பட்டது. நிரலை நிறுத்தினேன், சாதனமும் மறைந்துவிட்டது! (அந்த நிரலிலும் பண்பேற்றும் பகுதி மூலநிரல் இல்லாத, திறந்து படிக்க முடியாத இருமக் கோப்பு. அது வேறு வயிற்றெரிச்சல்.)

> அப்படியென்றால் 'உள்ளக மோடம்'?

இது இன்னும் குழப்பும். கணினிக்குள் செருகுகிற பிசிஐ அட்டைகளிலும் எல்லா வேலையையும் தானே செய்கிற மோடம் உண்டு, அதைத் தொடர்முனை (serial port) போல நினைத்து லினக்ஸ் நேராகப் பேசிவிடும். உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை.

செயலியைச் சார்ந்திருப்பதால் 'சார்பு மோடம்' என்று நானே ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் மென்பொருள் பொதி நிறுவும்போது வரும் 'சார்புகள்' ஒரு பக்கம், கணக்கில் வரும் சார்பு இன்னொரு பக்கம், சொல் ஏற்கனவே நிரம்பி வழிகிறது. மோடத்தை 'இணக்கி' என்று மாற்றிச் 'சார்பிணக்கி' ஆக்கினால் வேதியியல் பாடம் மாதிரிக் கேட்கிறது. மோடம் மோடமாகவே இருக்கட்டும்.

அதனால் என் பரிந்துரை: அரைமோடம். பாதி அட்டையில், பாதி செயலியில். மற்றதற்கு முழுமோடம். கேலியாக இருக்கிறது என்பீர்கள், சரி, ஆங்கிலப் பெயர் மட்டும் என்ன மரியாதையாகவா இருக்கிறது? யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் குறிப்பின் முதல் வரியை இப்படி மாற்றிவிடுகிறேன்: "உங்கள் மடிக்கணினியில் இருப்பது அரைமோடமாக இருக்கலாம், எண் சுழற்றி இணைக்கும் wvdial நிரலைத் திறக்கும் முன் அதற்கான இயக்கி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்." அந்த நிரல் பெயரை 'டபிள்யூவிடயல்' என்று எழுதுவதா 'வீடயல்' என்று எழுதுவதா என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.