ஆவணி நடவா, தை நடவா? மாரி மரக்கறிக்கு மூன்று மாத மழைக் கணிப்பை நம்பலாமா?

கும்புறுப்பிட்டியான்:
மாரிக்கு வெங்காயம், மிளகாய், கத்தரி போடுகிறவர்களுக்காக இந்த இழை. ஆடி முடிவதற்குள் எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் ஒரே கதை: "இந்த முறை மழை கூடவாம், நடவைத் தைக்குத் தள்ளுவோம்." ஏன் என்று கேட்டால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மூன்று மாதக் கணிப்பைக் கைபேசியில் காட்டுகிறார்கள். அதில் என்ன இருக்கிறது? மூன்று மாத மழையையும் ஒன்றாகக் கூட்டி, அது சராசரியைவிடக் கூடவா, சராசரியை ஒட்டியா, குறைவா என்று மூன்றுக்கும் இத்தனை வீதம் போட்டிருக்கும். அவ்வளவுதான்.

நெல்லுக்கு அது உதவலாம். குளம் நிறையுமா நிறையாதா என்பதுதான் அங்கே கேள்வி. மரக்கறிக்காரனுக்கு ஒரு சதப் பிரயோசனமும் இல்லை என்பது என் கட்சி. திருகோணமலையில் நவம்பரும் டிசம்பரும் சராசரியாகவே 300 மில்லிமீற்றரைத் தாண்டுகிற மாதங்கள். வெங்காயத்துக்கு அந்தச் சராசரியே அதிகம். அதே 300 மில்லிமீற்றர் மாதம் முழுக்கப் பரவிப் பெய்தால் சமாளிக்கலாம், மூன்று நாளில் கொட்டினால் பாத்தி போச்சு. கணிப்புக்கு இரண்டும் ஒன்றுதான். 2020 டிசம்பர் 2 அன்று புரவிப் புயல் எங்கள் கரையில் ஏறியதே, அதை ஆடியில் யாரால் சொல்லியிருக்க முடியும்?

நான் ஆவணிக் கடைசியிலேயே வெங்காயம் வைக்கிறவன். அறுபது, எழுபது நாள் பயிர். பெருமழைக்கு முன் பிடுங்கிவிடலாம். கணிப்பு என்ன சொன்னாலும் அதே திகதிதான்.

ஈரநிலம்:
அண்ணை, கணிப்பு புயலைச் சொல்லவில்லை என்று அதைக் குப்பையில் போடுவது சரியில்லை. அது புயலைச் சொல்வதாக எங்கேயும் எழுதவும் இல்லை. மூன்று மாதத்துக்கு எந்தப் பக்கம் சாய்வு அதிகம் என்பதை மட்டும்தான் சொல்கிறது. நடவுத் திகதியை அதை வைத்து மாற்ற வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு காசை எந்தத் துண்டு நிலத்தில் போடுவது என்பதை மாற்றலாம்.

எல் நினோவையே எடுங்கள், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறுகிற நிலை. பெயரைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் வறட்சி என்றுதான் நினைக்கிறார்கள். இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையைப் பற்றிய செய்தியை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டுகிற பழக்கம் அது. இலங்கையில் எல் நினோ வருடங்களில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பொதுவாகக் கூடும், அதற்குப் பிறகு ஜனவரி முதல் மார்ச் வரை குறையும். அந்தக் கடல் குளிர்கிற லா நினா என்றால் பெரும்பாலும் மறுபக்கம். இந்து சமுத்திரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019 கடைசியில் அதன் மேற்குப் பக்கம் வழக்கத்தைவிடச் சூடேறியிருந்தது. அந்த டிசம்பரில் வடக்கும் கிழக்கும் எப்படி நனைந்தன என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

அப்படியொரு வருடம் என்றால் பள்ளக் காணியில் மிளகாய் வைக்காமல் விடலாம், பாத்தியை இன்னும் அரையடி உயர்த்தலாம், தை நடவுக்குக் கிணறு சீக்கிரம் இறங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். இது ஒரு சதப் பிரயோசனம் இல்லாத விடயமா?

அப்புறம் ஒன்று. ஆவணிக் கடைசியில் வைத்தால் ஐப்பசிக் கடைசியில் பிடுங்குவீர்கள். வானம் திறந்துகொள்கிற நேரம். எங்கே காயவைக்கிறீர்கள்?

கும்புறுப்பிட்டியான்:
தம்பி, காயவைக்கத் தென்னோலைக் கொட்டில் இருக்கிறது. தாளோடு பிடி பிடியாகக் கட்டி வளையில் தொங்கவிடுவோம். அடியில் காற்று போக வேண்டும், அவ்வளவுதான். தரையில் குவிக்கிறவனுக்குத்தான் அழுகல் வரும். ஈரத்தோடு விற்க அவசரப்படுகிறவனுக்கும் வரும், அது வேறு கதை.

எல் நினோ விதி புத்தகத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. 2023 கடைசியில் எல் நினோ உச்சத்தில் இருந்தது. உங்கள் விதிப்படி 2024 ஜனவரி காய்ந்திருக்க வேண்டும். அந்த ஜனவரித் தொடக்கத்தில்தான் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வெள்ளம் வந்தது, சேனாநாயக்க சமுத்திரக் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. மழை குறையும் என்று நம்பித் தை பிறக்குமுன் நட்டவன் யாரிடம் போய்க் கேட்பது?

ஈரநிலம்:
பத்து வருடத்தில் ஏழில் சரியாக வருகிற ஒன்று மீதி மூன்றில் பிழையாகத்தான் போகும். (பத்தில் ஏழு என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன்.) பிழையாய்ப் போன ஒரு வருடத்தைத் தூக்கிக் காட்டி விதியே இல்லை என்பது வாதம் ஆகாது, அண்ணை.

தோப்பூர் நானா:
இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தே பேசுகிறீர்கள். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி மணலில் நிற்கிறவருக்கு மழை பெய்தால் தண்ணீர் கீழே போய்விடும். கார்த்திகைக் கடைசியில் நிலத்தடி நீர் மேலே ஏறி வரும்வரை அவருக்குப் பயமில்லை. நாங்கள் மூதூர்ப் பக்கம், மகாவலி கொண்டுவந்து போட்ட வண்டலில் நிற்கிறோம். எங்கள் வெள்ளம் எங்கள் மழையில் வருவதில்லை. மலையில் பெய்கிறது, இங்கே வந்து நிற்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மூதூர், வெருகல், சேருவில மூழ்கியதற்கு மேலேயிருந்து இறங்கிய ஆற்று நீர்தான் பெரிய காரணம். திருகோணமலைக்கு மழை கூடவா குறைவா என்ற வரைபடம் எனக்கு எதற்கு? கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் என்ன நிறம் போட்டிருக்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் பயன் உண்டு. ஈரநிலம் தம்பிக்கு அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

பள்ளத்தில் மாரிக்கு மிளகாய் வைப்பது சூதாட்டம். வேர் ஒரு நாள் நீருக்குள் நின்றாலே போதும். மறுநாள் வெயில் வந்ததும் செடி வெந்நீர் ஊற்றியது போல் துவண்டுவிடும். அதற்குப் பிறகு என்ன அடித்தும் எழும்பாது. அதனால் நான் வெள்ளம் வடியும்வரை பொறுத்து, தையில் வண்டல் ஈரத்தோடு பூசணி, கெக்கரி, வத்தகப்பழம், சோளம் போடுகிறேன். முதல் மூன்று கிழமை இறைப்பே தேவைப்படாது. சோளத்தில் படைப்புழு 2018 இலிருந்து விடாமல் நிற்கிறது, குருத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் தலைவலி.

கமிஷன்கடை:
உங்கள் சண்டைக்குள் விலையைக் காணோம். எல்லோரும் தையில் நட்டால் எல்லோரும் பங்குனியில்தான் சாக்கைக் கொண்டு வருவீர்கள். அந்தக் கிழமை தம்புள்ளை மொத்தச் சந்தையில் கத்தரிக்காய் ஏற்றுக்கூலிக்கும் கட்டாது. 1999 இல் அந்தப் பொருளாதார மத்திய நிலையம் வந்த நாளிலிருந்து, திருகோணமலைச் சந்தை விலையை அங்கே விடிகாலையில் தீர்மானித்துவிடுகிறார்கள். உங்கள் தோட்டத்து மழையைவிட அடுத்த மாவட்டத்து மழைதான் உங்களுக்குக் காசு தரும். 2024 தொடக்கத்தில் கரட் கிலோ 2000 ரூபாயைத் தாண்டியதற்கு மலையக மழைதான் காரணம். அந்த நேரத்தில் எந்த மரக்கறியை வைத்திருந்தவனுக்கும் கை நிறைந்தது.

வெங்காயத்துக்கு இன்னொரு தொங்கல் இருக்கிறது. இந்தியா 2023 டிசம்பர் 8 இல் ஏற்றுமதியை நிறுத்தியது, 2024 மே மாதம்தான் திறந்தது. பெரிய வெங்காயம் தட்டுப்பட்டால் சனம் சின்ன வெங்காயத்துக்குத் திரும்பும், அதன் விலையும் கூடவே ஏறும். இதை எந்த மழைக் கணிப்பு சொல்லும்? என் ஆலோசனை: யாழ்ப்பாணமும் கற்பிட்டியும் எப்போது நடுகிறார்கள் என்று தொலைபேசியில் விசாரியுங்கள். அவர்கள் இறக்குவதற்கு மூன்று கிழமை முன்னாலோ பின்னாலோ உங்கள் சாக்கு வரட்டும்.

ஈரநிலம்:
இதுவும் கணிப்புத்தானே! மலையகத்தில் மழை கூடுமா என்று தெரிந்தால் அங்கே வரத்துக் குறையுமா என்றும் ஊகிக்கலாம். நீங்கள் என் பக்கம் வந்துவிட்டீர்கள் கடைக்கார அண்ணை.

கமிஷன்கடை:
நான் யார் பக்கமும் இல்லை. நூற்றுக்குப் பத்துக் கழிவு எந்த மழையிலும் வரும்.

புதுத்தோட்டம்:
இடையில் ஒரு கேள்வி. நிலாவெளி ஹோட்டல்களுக்கு ஸ்ட்ரோபெரி கொடுக்கலாம் என்று யோசனை. நிழல்வலை போட்டால் இங்கே வருமா?

சாம்பல்தீவு அக்கா:
தம்பி, ஸ்ட்ரோபெரி நுவரெலியாப் பயிர். அதற்கு இரவு குளிர வேண்டும். இங்கே நடுச்சாமத்திலும் 24, 25 பாகை அளவில்தான் நிற்கும். வலை வெயிலைக் குறைக்கும், இரவைக் குளிரவைக்காது. செடி பச்சையாக நிற்கும், பழம் வராது. ஹோட்டல்தான் குறி என்றால் பாஷன் பழம், கெக்கரி, சலாதுக் கீரை பாருங்கள். அதோடு, நிலாவெளிக்கு வெள்ளைக்காரர் வருவது சித்திரை தொடங்கிப் புரட்டாசிவரை. இங்கே பேசுகிற மாரிப் பயிருக்கும் அந்த வியாபாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. உங்களுடையது சிறுபோகக் கணக்கு, கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்றைச் சமாளிக்கிற கணக்கு.

இனி மற்றவர்களுக்கு. தை நடவு, தை நடவு என்கிறீர்கள், கரையோரக் கிணற்றை யாரும் பேசவில்லை. தையில் வைத்த வெங்காயத்துக்குப் பங்குனிவரை இறைக்க வேண்டும். நாலு பேர் ஒரே நேரத்தில் மோட்டர் போட்டால் எங்கள் பக்கக் கிணறுகளில் நீர் சவர்க்கத் தொடங்கும். வாயில் விட்டுப் பார்த்து உப்புத் தெரிவதற்கு முன்பே பயிருக்குத் தெரிந்துவிடும். இலை நுனி ஒரு நகக்கண் அளவுக்கு வெளிறி, பிறகு காய்ந்து, அப்படியே கீழே இறங்கும். பனிப்பூச்சி என்று நினைத்து மருந்து அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பனிப்பூச்சி என்றால் இலை முழுக்க வெள்ளிக் கீறல் இருக்கும், உப்பென்றால் நுனியில்தான் தொடங்கும். வெங்காயம் உப்புக்கு மிகவும் மெலிந்த பயிர், மண்ணின் உப்பளவு மீற்றருக்கு 1.2 டெசிசீமனைத் (உப்பை அளக்கிற அலகு) தாண்டினாலே விளைச்சல் இறங்கும். பீற்றூட் அதைவிட மூன்று மடங்குக்கு மேல் தாங்கும்.

அதனால் தம்பி சொல்கிற கணிப்பு எனக்குப் பிரயோசனம்தான், ஆனால் அவர் சொல்கிற இடத்தில் இல்லை. ஒக்டோபர் முதல் டிசம்பர் மழை குறையும் என்று சாய்வு காட்டினால் கிணற்றில் நல்ல தண்ணீர் குறைவாகத்தான் நிரம்பும். அந்த வருடம் தையில் வெங்காயத்தைப் பாதியாக்குவேன். மிச்சத்தில் பீற்றூட்டோ கச்சானோ (நிலக்கடலை). எல்லோரும் வெள்ளத்துக்குப் பயந்து கணிப்பைப் பார்க்கிறார்கள், நான் பார்ப்பது கிணற்றுக்காக.

கும்புறுப்பிட்டியான்:
அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. என்னுடைய ஆவணி நடவுக்கும் இதே கிணறுதான், ஆவணியில் அது ஏற்கெனவே அடியில் இருக்கும். அதனால்தான் நான் அரை ஏக்கருக்கு மேல் போவதில்லை. ஆனாலும் மழையைக் கிணற்றில் நேரே பார்க்கலாமே? மார்கழிக் கடைசியில் கயிறு விட்டு அளந்தால் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை ஆறு மாதம் முன்பே வீதக் கணக்கில் கேட்பானேன்?

சாம்பல்தீவு அக்கா:
விதை வெங்காயத்தை மார்கழிக் கடைசியில் தேடினால் யார் தருவார்? பிடுங்கிய கிழங்கு முளைக்க இரண்டு, மூன்று மாதம் உறங்க வேண்டும். தைக்கு நடுவதை ஐப்பசிக்குள் பிடித்து வைக்காவிட்டால் யாழ்ப்பாணத்தில் கேட்ட விலை கொடுக்க வேண்டும். அந்த முடிவுக்குத்தான் முன்கூட்டிய கணிப்பு. கயிறு விட்டு அளப்பது எத்தனை பாத்தி என்பதற்கு.

ஈரநிலம்:
நான் நீட்டி முழக்கியதை அக்கா நாலு வரியில் சொல்லிவிட்டார். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மூன்று மாதக் கணிப்பை மாதா மாதம் புதுப்பிக்கிறார்கள். ஆடியில் பார்த்ததைக் கார்த்திகைவரை பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. பிடுங்குவதையும் மருந்து அடிப்பதையும் பத்து நாள் வானிலையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தொடர்மழைக்குப் பிறகு வெங்காயத் தாள் முறுக்கிக்கொண்டு கழுத்து நீண்டால் அது பூஞ்சணம். மழைக்கு முன் அடித்த மருந்துதான் காப்பாற்றும், பின்னால் அடிப்பது கடைக்காரருக்குத்தான் இலாபம்.

தோப்பூர் நானா:
வலைக்கூடாரம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சொல். மாரிக்குக் கூரைப் பொலித்தீனை நிரந்தரமாக ஆணி அடிக்காதீர்கள். கயிற்றில் கட்டுங்கள். புயல் என்று அறிவித்தால் அவிழ்த்துச் சுருட்டி வைக்கலாம், குழாய்ச் சட்டமாவது மிஞ்சும்.

கும்புறுப்பிட்டியான்:
சரி. ஆவணித் திகதியை நான் மாற்றப்போவதில்லை, கணிப்பு எப்படி வந்தாலும். தை வெங்காயத்துக்கு வேண்டுமானால் அக்காவின் கணக்கைப் பார்க்கலாம், அதுவும் ஐப்பசியில் வருகிற கணிப்பை மட்டும். தம்பி இதை வெற்றி என்று எழுத வேண்டாம்.

வேதாளன் இனச் சின்ன வெங்காய விதை, நல்லாய்க் காய்ந்தது, மூன்று நான்கு அந்தர் யாரிடமாவது இருந்தால் இங்கேயே சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவேன்.