அறுந்த வலையும் செபமாலையும்: விசுவாசம் பலமா, மயக்க மருந்தா?

மாதகலான் எழுதியது:

போன புதன்கிழமை இரவு தம்பி விரித்த வலையை இந்திய ரோலர்கள் (இழுவைப் படகுகள்) அறுத்துக்கொண்டு போய்விட்டன. திங்கள், புதன், சனி என்றால் வருவார்கள் என்று எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் போனான். பெண்சாதியின் தாலிக்கொடி அடைவில் கிடக்கிறது, வட்டி நாள் பார்த்து நிற்காது. விடிய படகு கரைக்கு வந்தபோது அணியத்தில் கிடந்தது கொஞ்ச மிதப்பும் நாலைந்து துண்டு வலையும்தான்.

அம்மா கரையில் நின்றார். கத்தவில்லை. சிலுவை அடையாளம் போட்டு ஒரு பரலோக மந்திரம் சொன்னார். பிறகு மணலில் குந்தி, துண்டுகளை விரித்து, எது தேறும் எது தேறாது என்று பிரிக்கத் தொடங்கினார். தம்பி அழுதுகொண்டிருந்தான். எனக்கோ அம்மாவில்தான் கோபம் வந்தது.

2022இலும் இதே கதை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று களைத்து, கடைசியில் ஓகஸ்ட் மாதம் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அம்மா செபமாலையை முடித்துவிட்டு நல்ல நித்திரை. அப்பாவைக் கடலுக்குக் கொடுத்தவர், எத்தனை தரம் இடம்பெயர்ந்தார் என்று அவருக்கே கணக்கில்லை.

யோசித்துப் பார்த்ததில் என் கட்சி இதுதான்: அது பலம். அமைதியாய் இருந்து நானே கடவுள் என்று அறிந்துகொள்ளுங்கள் என்று 46ஆம் திருப்பாடலில் வருகிறது அல்லவா? அது மலைகள் கடலுக்குள் சரிகிற பாட்டு. கடல் ஓய்ந்திருக்கும்போது ஆரும் அமைதியாக இருப்பார்கள்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். திட்டுவதென்றாலும் சரி.

கொக்குவிலான் எழுதியது:

திட்டவில்லை அண்ணை. ஒரு திகதி மட்டும் சொல்கிறேன்: 1995 யூலை 9, நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயம்.

"முன்னேறிப் பாய்தல்" என்று பெயர் வைத்த படை நடவடிக்கை தொடங்கிய நாள். ஷெல்லுக்குப் பயந்து ஓடிவந்த சனம் அந்தக் கோயிலிலும் அயலிலும் ஒதுங்கியது. கோயிலுக்கு அடிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை. பின்னேரம் விமானம் வந்து குண்டு போட்டது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள், கைக்குழந்தைகள் உட்பட. என் பெரியம்மாவும் அதில் ஒருவர். அவரின் கைப்பையில் கிடந்த வேதப்புத்தகத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டோம்.

செபித்தவர்களும் செத்தார்கள், செபிக்காதவர்களும் செத்தார்கள். இதில் விசுவாசம் எங்கே காப்பாற்றியது?

உங்கள் அம்மாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த அமைதியால் ஆருக்கு லாபம் என்றுதான் கேட்கிறேன். ரோலர்காரனுக்கு லாபம். இழுவைமடியைத் தடைசெய்து 2017இல் இங்கே சட்டமே வந்தது. சட்டம் தாளில் கிடக்க, வலை கடலில் அறுகிறது. சத்தம் போடாத சனத்தை ஆர் திரும்பிப் பார்க்கிறார்கள்? எரேமியா தீர்க்கதரிசி எழுதியதை எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் வாசித்தவர்கள்தான்: "சமாதானமில்லாதிருந்தும், சமாதானம் சமாதானம் என்று சொல்லி, என் ஜனத்தின் காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள்." மேற்பூச்சு! பனடோல் போட்டால் காய்ச்சல் இறங்கும் அண்ணை, டெங்கு போகாது.

உடுவில் அக்கா எழுதியது:

தம்பி கொக்குவிலான், எரேமியாவைச் சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர். அந்த வேதப்புத்தகத்தை இன்னும் கொஞ்சம் புரட்டியிருக்கலாம். சங்கீதங்களில் எத்தனை முறைப்பாடு என்று எண்ணிப் பாரும். 88ஆம் சங்கீதம் தொடக்கம் முதல் கடைசி வரை புலம்பல், ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதை ஒருவரும் வெட்டி எறியவில்லை. சிலுவையில் இயேசு சொன்ன "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் அடிதான். சத்தம் போடக்கூடாது என்று உமக்கு ஆர் சொன்னது?

சமாதானம் என்ற சொல்லே எங்கள் ஊரில் பழுதாகிப்போன சொல். 1995இல் "சமாதானத்துக்கான போர்" என்று அரசாங்கம் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டுதானே ஒக்டோபர் 30 இரவு வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தோம். "என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன், உலகம் கொடுக்கிறபிரகாரம் நான் உங்களுக்குக் கொடுக்கிறதில்லை" என்று இயேசு சொன்னதும் பிடிபட்ட அதே இரவுதான். அன்றைக்கு உலகம் கொடுத்த சமாதானம் ரோமாபுரிப் பட்டாளத்தின் சமாதானம். அதை வேறு, இதை வேறு என்று பிரித்துச் சொன்னவர் அவர்.

அந்த இடப்பெயர்வு இரவைக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். செம்மணி வெளியில் சனம் நெருக்கி, அடிக்கு மேல் அடி வைக்க இடமில்லை. மழை. குடையை மல்லாத்திப் பிடித்து அதில் தேங்கின தண்ணீரைப் பிள்ளைகளுக்குப் பருக்கினோம். என் தாய் 23ஆம் சங்கீதம் சொல்லிக்கொண்டு வந்தார். "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்" என்ற இடத்தில் மறந்து நின்றுவிட்டார். எழுபது வருடம் சொன்ன பாடம்! பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த முன்பின் தெரியாத ஒருவர், "பொல்லாப்புக்குப் பயப்படேன், அம்மா" என்று எடுத்துக்கொடுத்தார்.

பயப்படாமல் இல்லை. கால் நடுங்கியது. ஆனால் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினோம்.

நல்லூர் வாசகன் எழுதியது:

நான் சைவம். குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும்.

அதே செம்மணி வெளியில் என் அப்பம்மாவும் நடந்தவர்தான். அவர் வாயில் இருந்தது "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணை யாவது நமச்சி வாயவே." அப்பர் கல்லோடு கட்டுண்டு கடலில் கிடந்து பாடியது. அதே நடுக்கம், அதே தெம்பு. அப்படியென்றால் இது கிறிஸ்தவத்தின் பலமா, மனனம் செய்த பாட்டின் பலமா, இல்லை பக்கத்தில் ஆள் நடக்கிறது என்ற பலமா? எனக்கென்னவோ மூன்றாவதுதான் என்று படுகிறது.

பி.கு: கொக்குவிலான் எடுத்துப் போட்ட அந்த வேதத் தமிழில் எங்கள் ஆறுமுக நாவலரின் கையும் உண்டு. அதனால்தான் இவ்வளவு அழகு :)

உடுவில் அக்கா எழுதியது:

அந்தப் பெருமையில் பாதியைத்தான் தரலாம். நாவலர் கைபட்டது மிஷனரி பேர்சிவல் ஐயரின் மொழிபெயர்ப்பு, 1850இல் வந்தது. மேலே தம்பி போட்டது பவர் ஐயரின் குழு செய்தது, 1871. மற்றபடி அப்பம்மாவின் தேவாரத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

மாதகலான் எழுதியது:

நல்லூர் வாசகன் அண்ணை, பக்கத்தில் ஆள் நடப்பது பெரிய விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்களுக்கு அந்த ஆட்களில் ஒருவர் அறையுண்டவர். பெரிய வெள்ளி அன்று சுரூபத்தின் காலை முத்தி செய்ய வரிசையில் நிற்கும்போது அம்மா ஆணி இருக்கும் இடத்தைத்தான் தொடுவார். "இவருக்கும் தெரியும்" என்பார். அவ்வளவுதான் அவரின் இறையியல்.

இன்னொன்று. இந்த அமைதி சுவாமிமார் (குருமார்) ஊட்டிய மயக்கம் என்று நினைத்தால் எங்கள் ஊர்ச் சரித்திரத்தைப் பாருங்கள். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள். 1687இல் யோசேப்பு வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்து சேரும்வரை 29 வருடம் சுவாமி இல்லை, பகிரங்கப் பூசை இல்லை. அவர் பிச்சைக்காரனைப்போலக் கழுத்தில் செபமாலையோடு வீடுவீடாகப் போய், ஆரின் முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் ஆட்களைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். பிறகு தங்கியது இங்கே பக்கத்தில், சில்லாலையில். 2015இல் பாப்பரசர் வந்து அவரைப் புனிதராக்கினார். ஆனால் நான் யோசிப்பது அந்த 29 வருடத்தை. பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்து அதைக் காத்தது என் அம்மாவைப்போல ஆட்கள்தானே?

மட்டுறுத்துநர்: கத்தோலிக்கமா சபையா பெரிது என்று போன நான்கு பதிவுகளை அகற்றியிருக்கிறேன். அதற்கு வேறு திரி திறக்கவும்.

தீவகத்தாள் எழுதியது:

வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுதத் தோன்றுகிறது.

2006 ஓகஸ்ட் 13 அல்லைப்பிட்டிக் கோயிலில் ஷெல் விழுந்தபோது காயப்பட்ட சனத்தை வெளியே கொண்டுவரப் பாடுபட்டவர் ஜிம் பிறவுண் அடிகளார். ஒரு கிழமைக்குள், 20ஆம் திகதி, அவரையே காணவில்லை. இன்றுவரை இல்லை. மற்றவர்களுக்காக நின்ற ஒரு குருவானவருக்கே இந்த நிலை. ஆகவே விசுவாசம் காப்பாற்றும் என்ற கதையை என்னிடம் சொல்ல வேண்டாம்.

எங்கள் அண்ணாவும் அதற்கு அடுத்த வருடம் காணாமற்போனார். ஒரு சபைப் பாஸ்டர் வீட்டுக்கு வந்து, "விசுவாசம் குறைவு, அதனால்தான் பிள்ளை வரவில்லை" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார். கொக்குவிலான் தம்பி சொன்ன மேற்பூச்சுகூட இல்லை அது, புண்ணில் உப்பு. அம்மா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார். கேற்றைச் சாத்தியது நான்.

நவம்பர் வந்தால் பங்கில் மரித்தவர்களின் பெயர் கேட்பார்கள், பூசையில் வாசிக்க. அம்மா அப்பாவின் பெயரைக் கொடுப்பார், அண்ணாவின் பெயரைக் கொடுக்கமாட்டார். அதே மாதம் அண்ணாவின் பிறந்தநாளுக்கு நன்றிப் பூசை ஒப்புக்கொடுப்பார். சுவாமி ஒரு கேள்வியும் கேட்காமல் பெயரை வாசிப்பார். ஆறுதல் பிரசங்கமும் வைக்கமாட்டார். அந்த ஒரு பெயர் கோயிலில் சத்தமாகக் கேட்கிற அந்த நேரம் அம்மாவின் தோள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இது பலமா மயக்கமா என்று என்னைக் கேட்டால் தெரியாது. அழவேண்டாம் என்று அங்கே ஒருவரும் சொல்வதில்லை. நான் போவதற்கு அது போதும்.

கொக்குவிலான் எழுதியது:

அக்கா, உங்களோடு நான் வாதாட வரமாட்டேன்.

ஆனால் மாதகலான் அண்ணையிடம் என் கேள்வி அப்படியே நிற்கிறது. அம்மாவின் அமைதி வலையைத் திருப்பித் தருமா? போன வெள்ளி யாழ்ப்பாணம் ரவுணில் கடற்றொழிலாளர் ஆர்ப்பாட்டம் நடந்ததே, அதற்கு அவர் போனாரா, இல்லை வீட்டில் செபமாலையா?

மாதகலான் எழுதியது:

போனார். முதல் பஸ்ஸில். அறுந்த துண்டுகளை உரப்பையில் கட்டிக்கொண்டு போய், ரோட்டில் விரித்துப் போட்டு அதற்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டார். கோசம் போட்டுத் தொண்டை கட்டி, இரண்டு நாளாகக் கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கிறார்.

கொக்குவிலான் எழுதியது:

இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாமே அண்ணை! நான் இவ்வளவு தட்டச்சு செய்திருக்கத் தேவையில்லை. இருந்தாலும் நவாலியைப் பற்றிக் கேட்டதை வாபஸ் வாங்கமாட்டேன். அதற்கு இங்கே ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மாதகலான் எழுதியது:

ஓம், சொல்லவில்லை. என்னிடம் இல்லை. அம்மாவிடம் கேட்டேன், அவரிடமும் இல்லை. "செத்தாப்பிறகு அவரிட்டக் கேப்பன்" என்றார்.

முதல் பதிவில் எழுதாததற்குக் காரணம், செபம் வேறு ஆர்ப்பாட்டம் வேறு என்று நானும் நினைத்ததுதான்.

இதை எழுதும்போது அவர் விறாந்தையில் இருந்து தேறின துண்டுகளைப் பொத்துகிறார். வலையூசி ஓடுகிறது, வாய் முணுமுணுக்கிறது, ஒரு கண்ணுக்கு ஒரு அருள்நிறை மந்திரம். வலைக்காகவா செபிக்கிறீர்கள் என்று கேட்டேன். "கண் எண்ணுறன். நீ கதைச்சு எண்ணம் விட்டுப்போச்சு, அங்கால போ" என்கிறார்.