அம்மாவுக்கு முட்டி தேய்மானம், மூணாவது கிரேடாம். இனிமே நடக்கவே கூடாதா?

கரூர்_பொண்ணு:
அம்மாவுக்கு 61 வயசு, 82 கிலோ. வாசல்லயே இட்லிக் கடை வெச்சிருக்காங்க. ரெண்டு முட்டியும் வலி, வலது ரொம்ப ஜாஸ்தி. படி இறங்கினா கடக் கடக்னு சத்தம். தரையில உட்கார்ந்தா சுவரைப் பிடிச்சுதான் எழுந்திரிக்கிறாங்க. காலையில கால் விறைப்பா இருக்கும், அடுப்பு பத்த வெக்கறதுக்குள்ள சரியாயிடும். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் "மூணாவது கிரேடு"ன்னு சொல்லி மாத்திரை எழுதினார், அதுக்கு மேல ஒண்ணும் விளக்கல. நடந்தா இன்னும் தேயும்னு சித்தி சொன்னதுலேர்ந்து அம்மா கட்டிலை விட்டு இறங்கறதே இல்ல. கடையும் பூட்டியாச்சு. என்ன பண்றது?

பாலு_67:
முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல். எங்க வீட்ல இதுதாம்மா. வாரம் ஒரு ஆட்டுக்கால் சூப்.

பிசியோ_அக்கா:
பாலு அண்ணே, தோசை ருசிக்குச் சாப்பிடலாம், தேஞ்ச ஜவ்வு அதனால திரும்ப வளராது.

தங்கச்சி, முதல்ல அம்மாவைக் கட்டில்லேர்ந்து இறக்கு. முட்டிக்குள்ள இருக்கிற அந்த ஜவ்வுக்கு, அதாவது குருத்தெலும்புக்கு, ரத்தக் குழாய் கிடையாது. மூட்டை மடக்கி நீட்டும்போது உள்ள இருக்கிற திரவம் போய் வந்துதான் அதுக்குச் சத்து சேரும். அசைவே இல்லாம கிடந்தா தொடைத் தசை சூம்பும், அப்புறம் நடக்கிற ஒவ்வொரு எட்டுக்கும் அதிர்வு முழுக்க எலும்புக்குத்தான். என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரைப் படுக்கவெச்சுக் கெடுத்ததே பாசக்கார சொந்தக்காரங்கதான்!

கிரேடைப் பார்த்துப் பயப்படாதே. எலும்புக்கு நடுவுல இடைவெளி எவ்வளவு குறைஞ்சிருக்கு, ஓரத்துல முள்ளு மாதிரி வளர்ந்திருக்கான்னு பார்த்து 0லேர்ந்து 4 வரை போடுற மார்க் அது. நாலு வாங்கியும் சந்தைக்கு நடந்து போறவங்க உண்டு, ரெண்டுலயே அழறவங்களும் உண்டு. காலை விறைப்பு அரை மணிக்குள்ள விட்டுடுதுன்னா தேய்மானத்தோட லட்சணம்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல இழுத்து, விரல் மூட்டும் வீங்கினா அது வேற வாதம், ரத்தப் பரிசோதனை வேணும்.

இன்னிக்கே ஆரம்பிக்கலாம். கட்டில்ல காலை நீட்டி உட்காரச் சொல்லு. துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில வை. முட்டியால துண்டை நசுக்கணும், தொடை கல்லு மாதிரி இறுகுதான்னு உன் கையை வெச்சுப் பாரு. அஞ்சு எண்ணிட்டு விடணும். காலுக்குப் பத்து தடவை, காலையும் சாயங்காலமும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. பழகினதும் நாற்காலியில உட்கார்ந்து காலை நேரா நீட்டி நிறுத்தறது.

எடையில 1 கிலோ குறைஞ்சா, ஒவ்வொரு அடிக்கும் முட்டியில இறங்குற பாரம் சுமார் 4 கிலோ குறையும். கைத்தடி வெச்சா வலி கம்மியா இருக்கிற பக்கம், அதாவது இடது கையில. அருவாமணையை விட்டுட்டு மேசையும் கத்தியும். கக்கூஸ் வெஸ்டர்ன். மாத்திரைக்கு முன்னாடி டைக்ளோஃபெனாக்ங்கிற வலி ஜெல் தடவிப் பார்க்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளு. பிபி, சுகர், கிட்னி பிரச்சனை இருந்தா வலி மாத்திரையைத் தானா வாங்கித் தினமும் போட விடாதே. ஸ்டீராய்டு ஊசி கொஞ்ச வாரம் தாங்கும், அவ்வளவுதான். ஜவ்வுக்கு நல்லதுன்னு விக்கிற குளுக்கோசமைன் மாத்திரை டப்பாவுக்குக் கொடுக்கிற காசுல நல்ல செருப்பு வாங்கலாம்.

ஈரோடு_மோகன்:
அக்கா சொன்னதெல்லாம் பண்ணியும் ராத்திரி தூங்க விடாத வலின்னா ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க. எங்கப்பாவுக்கு ரெண்டு முட்டியும் மாத்தியாச்சு. 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு உச்ச விலை வெச்சப்போ சாதாரண கோபால்ட் குரோமியம் உலோகச் செயற்கை முட்டி 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆஸ்பத்திரிச் செலவு வேற. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தா விசாரிச்சுப் பாருங்க. பத்துல எட்டு செயற்கை முட்டி 25 வருஷம் உழைக்குது. ஆனா மறுநாளே நிக்க வெப்பாங்க, வலியோட மடக்கிப் பழகணும். அதுக்கு மனசு தயாரா இருக்கணும்.

கரூர்_பொண்ணு:
அக்கா, துண்டு வெச்சுப் பண்ணாங்க. லேசா வலிக்குதாம், நிறுத்தட்டுமான்னு கேக்கறாங்க.

பிசியோ_அக்கா:
மறுநாள் காலையில பழைய அளவுக்கு வந்துட்டா பயமில்ல, தொடரலாம். வீங்கினா, சூடா இருந்தா, ரெண்டு நாள் தடவையைப் பாதியாக் குறை. வீக்கத்தோட காய்ச்சலும் வந்தா உடனே ஆஸ்பத்திரி. கடையை அடுத்த வாரம் திறக்கச் சொல்லு, அடுப்புப் பக்கத்துல உயரமான ஸ்டூல் ஒண்ணு போட்டுடு.