மறையுரை மறந்துபோகிறது, பாட்டு மட்டும் எப்படி நிற்கிறது?

தங்கச்சிமடம் பாடகர் குழு:
ஞாயிறு பூசையில் சாமியார் சொல்லும் மறையுரையில் என்ன கேட்டீர்கள் என்றால் பிள்ளைகள் முழிக்கிறார்கள். திருவிருந்துப் பாட்டோ வரி பிசகாமல் வருகிறது. நாம் ஏன் பாடியே வழிபடுகிறோம்? விசுவாசத்தைப் பாட்டுதான் ஊட்டுகிறது என்றால், பாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பாம்பன் உபதேசியார்:
ஆதியிலிருந்தே அப்படித்தான். இராவுணவு முடிந்து இயேசுவும் சீடரும் பாடிவிட்டுத்தான் ஒலிவ மலைக்குப் போனார்கள் (மத்தேயு 26:30). கி.பி. 112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகவே பாடுகிறார்கள் என்று பேரரசருக்கு எழுதினார். ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் நடந்தது 325-இல். கிறிஸ்து கடவுளே என்று அது வரையறுத்த விசுவாசம் அதற்கு 200 ஆண்டுக்கு முன்பே வாயில் இருந்தது.

தப்பும் இதே வழியாகத்தான் வரும். இறைமகன் இயேசு படைக்கப்பட்டவரே என்று போதித்த ஆரியுஸ், அதைக் கப்பல்காரர் பாட்டாகக் கட்டிப் பரப்பியதாகப் பழைய வரலாற்றாசிரியர் பிலோஸ்தோர்கியுஸ் சொல்கிறார். கடலோரத்தில் பாட்டு எப்படிப் பரவும் என்று நமக்குத் தெரியாதா! மெட்டைக் கேட்குமுன் வரியை வாசியுங்கள்.

ஆர்மோனியக் கட்டை:
மூன்று மாதம் பாடியதை நோட்டில் எழுதுங்கள். எத்தனை பாட்டில் சிலுவை, உயிர்ப்பு, பாவமன்னிப்பு வருகிறது? எத்தனையில் 'நான், எனக்கு' மட்டும்தான்? ஓட்டை அங்கேயே தெரியும்.

சுருதியையும் பாருங்கள். உச்ச சுரம் மேல் 'டி' (D) சுரத்தைத் தாண்டினால் சனம் வாயை மூடிக்கொள்ளும், குழு மட்டும் பாடும். கீபோர்டில் இரண்டு கட்டை இறக்குங்கள்.

மூச்சு வாங்கும் இடம் அதைவிட முக்கியம். 'கைவிடாதவர்' என்பதை 'கைவிட' என்று நிறுத்தினால் பொருளே தலைகீழ். 'வழி' என்பது 'வலி' ஆகிவிடாமல் பிள்ளைகளைத் தனியாகச் சொல்லவையுங்கள்.

ஏர்வாடிக் கரை:
எல்லாப் பங்குக் கோவிலிலும் ஒரு குறை பார்க்கலாம்: புலம்பல் பாட்டே இல்லை. விவிலியத்தின் திருப்பாடல்கள் (சங்கீதங்கள்) 150-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புலம்பல்தான். 88-ஆம் பாடல் ஆறுதலே வராமல் இருளில் முடிகிறது. போன படகு திரும்பாத வாரத்தில் கைதட்டும் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அழுகிற வீட்டுக்கு ஆலயத்தில் வார்த்தை இல்லையென்றால், கடவுளிடம் அழக்கூடாது என்றுதான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

பூசையில் முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலை வாசித்துத் தள்ளாமல் பாடுங்கள். பல்லவி ஒரே வரி, நான்கைந்து சுரத்துக்குள் இருக்கட்டும். பூசைக்குமுன் இரண்டு முறை சொல்லிக்கொடுத்தால் சனம் பிடித்துக்கொள்ளும். புயல் மாதங்களில் 107-ஆம் பாடலின் 23 முதல் 30 வரையுள்ள வசனங்களைப் பழக்குங்கள். கப்பலேறிப் போனவர்கள் அலையில் தத்தளித்துக் கூப்பிடுவது, காற்று அடங்குவது, துறை சேர்வது எல்லாம் அதில் இருக்கிறது.