கார்மென் படத்துல வாயசைப்பு: நடிப்பா, ஏமாத்தா?

டர்பன்_ஹார்மோனியம்:
லாங் வீக்கெண்ட்ல கார்மென்கிற பிரெஞ்சு ஓபெராவ, அதாவது பாட்டாவே பாடி நடிக்கிற நாடகத்த, வெச்சு எடுத்த ரெண்டு படம் பாத்தேன். ஒண்ணு 1984ல ஃப்ரான்செஸ்கோ ரோசி எடுத்தது, இன்னொண்ணு நம்ம கேப்டவுன் பக்கத்து கயெலிச்சாவுலயே இங்க உள்ள கோசா மொழியில எடுத்த யூ-கார்மென், 2005ல பெர்லின் திரைப்பட விழாவுல தங்கக் கரடி விருது வாங்குச்சே அதுதான். ரோசி படத்துல கண்டக்டர் லோரின் மாசெல் நடத்தின ஆர்க்கெஸ்ட்ராவோட பாட்ட முதல்லயே பதிவு பண்ணி வெச்சுக்கிட்டு அப்புறமா ஸ்பெயின் வெயில்ல போய் வாயசைச்சிருக்காங்க. கார்மெனா வர்ற ஜூலியா மிகெனஸ் ஓடுறாங்க, ஆடுறாங்க, புரளுறாங்க, ஆனா ஒரு இடத்துலயும் மூச்சு வாங்கல, கழுத்து நரம்பு ஒண்ணு எழும்பல. இது ஓபெரா இல்லீங்க, நல்லா எடுத்த பாட்டு சீன். அடிக்க வராதீங்க.

சாட்ஸ்வொர்த்_அக்கா:
அடிக்கத்தான் வரேன் தம்பி. சிவாஜி டிஎம்எஸ் குரலுக்கு வாயசைச்சப்போ உங்க வீட்ல யாரும் அழல? அதாச்சும் அடுத்தவர் குரல். மிகெனஸ் வாயசைக்கிறது தன் சொந்தக் குரலுக்கு. அதுவும் அவங்க சோப்ரானோ, அதாவது உச்ச ஸ்தாயிப் பெண் குரல், கார்மென் அதுக்குக் கொஞ்சம் கீழ இருக்குற மெஸ்ஸோ குரலுக்கு எழுதின பாட்டு, மேடையில பாடுனா கீழ் ஸ்தாயில ஆர்க்கெஸ்ட்ராவ தாண்டி கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு அழுத்தி அழுத்திப் பாட வேண்டி வரும். மைக் இருந்ததாலதான் ஹபனேராங்கிற அந்தக் கார்மென் பாட்ட காதுல ரகசியம் சொல்ற மாதிரி பாட முடிஞ்சுது. கேமரா ஒரு அடி தூரத்துல நிக்குது, அங்க போய் வாய ஆன்னு பொளந்துக்கிட்டு நின்னா நமக்குப் பல்லுதான் தெரியும், கார்மென் தெரிய மாட்டா.

மத்தளம்:
எங்க தாத்தா கூத்து ஆடினவர். கரும்பு எஸ்டேட்ல, கோயில் தீமிதிக்கு, ராத்திரி பூரா. இங்க இப்ப சிக்ஸ்-ஃபுட் டான்ஸ்னு சொன்னாதான் புள்ளைங்களுக்குத் தெரியுது. ஆடுறவர்தான் பாடுவார், ஒரு அடி பாடி விட்டதும் பின்பாட்டு அத வாங்கிக்கும், அந்த இடைவெளில ஒரு சுத்து சுத்தி மூச்ச புடிச்சுக்கிட்டு அடுத்த அடிக்கு வந்துடுவார். மூச்சு இரைக்கிறத யாரும் மறைக்கிறதில்ல, துரியோதனன் இரைக்க இரைக்கப் பாடுறதுதான் துரியோதனனோட கோவம். அதனால நான் ஹார்மோனியம் தம்பி பக்கம்.

நேரடியா எடுக்க முடியாதுன்னு சொல்லாதீங்க. 1992ல டோஸ்காங்கிற இன்னொரு ஓபெராவ ரோம்ல கதை நடக்குற அதே இடங்கள்ல, சர்ச், அரண்மனை, கோட்டைன்னு, கதைல சொல்லியிருக்குற அதே நேரத்துல லைவா டிவில காட்டினாங்க. கடைசி அங்கத்துக்கு விடியக்காலைல பாடினாங்கய்யா! கண்டக்டர் நம்ம பம்பாய் ஜுபின் மேத்தா.

சாட்ஸ்வொர்த்_அக்கா:
ஆமா அண்ணே, மேத்தாவும் ஆர்க்கெஸ்ட்ராவும் ஊர்ல வேற எங்கயோ, பாடுறவங்க மானிட்டர்ல அவர் கைய பாத்துக்கிட்டே காதலிக்கணும், கொலை பண்ணணும். வித்தைன்னு ஒத்துக்கிறேன், மாலை கூட போடுறேன். ஆனா பாதி மனசு தாளத்துல மாட்டிக்கிட்டா முகத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்?

மத்தளம்:
கூத்துலயும் தாளம் தப்பக் கூடாதும்மா. அதுக்குத்தான் பழகுறது.

கேப்டவுன்_காரன்:
நீங்க ரெண்டு பேரும் ரோசியவே சுத்திக்கிட்டு இருக்கீங்க. யூ-கார்மென்ல பாலின் மலெஃபானே கார்மெனா நடிச்சது மட்டும் இல்ல, அந்தப் பாட்டு வரிகள கோசாவுக்கு மாத்தினதுலயும் அவங்க கை இருக்கு. பிரெஞ்சு மெட்டு மேல கோசாவோட நாக்கு சொடுக்குற சத்தம் வந்து விழுறப்ப பாருங்க, வாய், தாடை, கண்ணு எல்லாம் அந்த வார்த்தையோடயே போகுது. பூனை மாதிரி ஒல்லிக் கார்மென் இல்ல, தெருவுல நீங்க தினம் பாக்குற பெரிய உடம்பு, அவங்க நடந்து வந்தாலே வழி விடணும் போல இருக்கு. கதைல கார்மென் மனசு போற காளை அடக்குறவன கூட பேர் வாங்கி ஊர் திரும்புற பாடகனா மாத்திட்டாங்க. லைவா பாடினதா, டப்பிங்கான்னு எனக்குக் கவலையே வரல.

நம்ம புள்ளைங்க இங்கிலீஷ் எழுத்துல எழுதி வெச்சுப் பாத்து, அர்த்தம் புரியாமலேயே தேவாரம் பாடுதே, சுருதி சுத்தமா இருக்கும், முகம் மட்டும் கணக்குப் பரீட்சை எழுதுற மாதிரி இருக்கும். என் பொண்ணு உட்பட. எங்க இடிக்குதுன்னு இந்தப் படம் பாத்தப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

டர்பன்_ஹார்மோனியம்:
அது சரிண்ணே, ஆனா மிகெனஸ் விஷயத்துல நான் எறங்கி வர மாட்டேன்.

சாட்ஸ்வொர்த்_அக்கா:
வர வேணாம். கடைசில கார்மென் மோதிரத்தக் கழட்டி, தான் கைவிட்ட காதலன் ஹோசே மேல வீசுற இடத்த சவுண்ட நிறுத்திட்டு ஒரு தடவ பாருங்க.

டர்பன்_ஹார்மோனியம்:
பாத்தேன். சவுண்ட் இல்லாம நல்லாதான் இருக்கு, அதத்தானே நானும் சொல்றேன் 😄 பாட்டு அங்க இல்லவே இல்ல.

சாட்ஸ்வொர்த்_அக்கா:
இவர்கிட்ட பேசி ஜெயிக்கிறதுக்கு காளைச் சண்டைக்கே போயிடலாம்.

மத்தளம்:
அந்த யூ-கார்மென் டிவிடி யாருகிட்டயாவது இருந்தா குடுங்கப்பா, பாத்துட்டு வந்து அடுத்த சண்டைய வெச்சுக்கலாம்.