நாய்க்கு ஆபரேஷன் தையல் பிரிந்தால்: பார்த்தவர்கள் சொல்வது

தையல் பிரிந்த நாயை உடனே வாரித் தூக்காதீர்கள். நிற்க வைத்து, வயிற்றுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பிரிந்தது எது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வேலை.

வயிற்று ஆபரேஷனில் தையல் அடுக்கடுக்காக இருக்கும். அடியில், இரண்டு பக்கத் தசையும் நடுக்கோட்டில் சேரும் வெள்ளைச் சவ்வு. அதற்கு மேல் கொழுப்பு. கடைசியாகத் தோல். வயிற்றின் பாரத்தைத் தாங்குவது அந்த வெள்ளைச் சவ்வில் போட்ட தையல்தான். தோல் மட்டும் பிரிந்தால் அன்றே காட்ட வேண்டும். சவ்வு பிரிந்தால் உயிருக்கே ஆபத்து, ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

தோல் மட்டும் பிரிந்திருந்தால் விளிம்பு இரண்டும் விலகி நிற்கும், உள்ளே இளஞ்சிவப்பாகவோ மஞ்சள் கொழுப்பாகவோ அடித்தளம் தெரியும். நாய் பெரும்பாலும் சாப்பிடும், வாலாட்டும். சவ்வு விட்டிருந்தால் தையலுக்கு அடியில் மெத்தென்று ஒரு புடைப்பு வரும். நின்றால் பெரிதாகும், மல்லாந்து படுத்தால் உள்ளே போகும். அழுத்திச் சோதிக்காதீர்கள், பார்த்தாலே போதும்.

இன்னொரு அறிகுறியைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மேல்தோல் ஒட்டியபடியே இருக்க, தையல் இடுக்கிலிருந்து ரத்தம் கலந்த தண்ணீர் மாதிரி திடீரென்று நிறையக் கசியும். ஒன்றிரண்டு சொட்டு என்றால் வேறு. விரிப்பு நனைகிற அளவுக்கு வந்தால், உள்தையல் விட்டு வயிற்றறை நீர் வெளியே வருகிறது என்றே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

*

அந்தக் கட்டமும் தாண்டிக் குடலோ, குடலைப் போர்த்தியிருக்கும் வலை போன்ற கொழுப்போ வெளியே வந்துவிட்டால்:

நக்காமலும் கடிக்காமலும் தடுக்கும் கழுத்துக் கூம்பை முதலில் மாட்டுங்கள், அல்லது ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். இதை விட்டுவிட்டுத் துணி தேடப் போனால், திரும்பி வருவதற்குள் நாய் தன் குடலையே கடித்துவிடும். வெளியே வந்ததை உள்ளே தள்ளாதீர்கள். அழுக்கும் முடியும் கூடவே உள்ளே போகும், முறுக்கிக்கொண்டால் குடலுக்கு ரத்த ஓட்டமும் நிற்கும். சுத்தமான துணியை சலைனில் (மருத்துவ உப்பு நீரில்) நன்றாக நனைத்து மேலே போர்த்துங்கள். அதன்மேல் பெரிய துண்டைச் சுற்றி, இறுக்காமல் தாங்கலாகக் கட்டுங்கள். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். துணி காயக் காய நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடக்க விடாமல் பக்கவாட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். கிளம்பும்போதே மருத்துவமனைக்குப் போன் செய்தால் தியேட்டர் தயாராக இருக்கும்.

வழியில் தண்ணீரோ உணவோ கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்து உண்டு. ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் 2 வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும், அதைவிடத் தாமதமானால் அதையும் போனில் சொல்லுங்கள்.

*

தோல் மட்டும் பிரிந்த கேஸுக்கு வருகிறேன். மருத்துவரிடம் போய்ச் சேரும்வரை செய்ய வேண்டியது குறைவுதான், ஆனால் அதில்தான் தவறு அதிகம் நடக்கிறது.

கழுவுவதற்கு 0.9% சலைன் போதும். கைவசம் இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி. உடம்புச் சூட்டில் இருக்கட்டும். ஊசி கழற்றிய 20 மி.லி. சிரிஞ்சில் எடுத்து, மேலிருந்து கீழாக வழிந்தோடும்படி 100 முதல் 200 மி.லி. வரை விடுங்கள். தேய்க்க வேண்டாம். அடித்தளம் கண்ணுக்குத் தெரியவில்லை, புண் எவ்வளவு ஆழம் என்று புரியவில்லை என்றால் கழுவவே வேண்டாம். நீர் வயிற்றறைக்குள் இறங்கக்கூடும். ஈரத்துணியால் மூடிக்கொண்டு கிளம்புங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், வீட்டுக் கிருமிநாசினி எதுவும் ஆகாது. நுரைத்து வருவதைப் பார்த்தால் சுத்தமாகிறது போலத் தோன்றும். ஆனால் புண்ணை மூட வரும் புது செல்களும் கிருமியோடு சேர்ந்து சாகும். குளோர்ஹெக்சிடின்தான் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் 0.05% வலுவில் இருக்க வேண்டும்: 2% கரைசலில் 25 மி.லி. எடுத்து, மொத்தம் ஒரு லிட்டர் வரும்படி தண்ணீர் சேருங்கள். சோப்பு கலந்த ஸ்க்ரப் வகை திறந்த புண்ணில் படக் கூடாது. போவிடோன் அயோடினையும் நீர்க்க வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். 10% பாட்டிலில் இருப்பதை நூறில் ஒரு பங்காக, வெளிறிய தேநீர் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். பொடி எதுவும் தூவாதீர்கள். அதைச் சுரண்டி எடுப்பதே அடுத்த நாள் வேலையாகிவிடும்.

மனிதர்களுக்கான வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆபரேஷனுக்குக் கொடுத்த வலி மருந்து இன்னும் உடம்பில் இருந்தால் கேடு இரட்டிப்பு.

*

வீக்கமெல்லாம் தையல் பிரிந்ததால்தான் என்று பயப்பட வேண்டாம். தோலுக்கு அடியில் காலியாக விட்ட இடத்தில் நீர் சேருவதை ஸீரோமா என்பார்கள். தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி தளதளவென்றிருக்கும். சூடு இருக்காது, வலிக்காது, சிவந்திருக்காது. படுத்தாலும் உள்ளே போகாது. பெரும்பாலும் சில வாரங்களில் தானே வற்றிவிடும். ஊசி குத்தி இழுக்கச் சொல்லி மருத்துவரை நச்சரிக்காதீர்கள். குத்தும் ஒவ்வொரு முறையும் கிருமிக்கு ஒரு வழி திறக்கிறது, எடுத்த நீரும் மறுபடி சேர்ந்துவிடும்.

சூடு, சிவப்பு, நாற்றம், கெட்டியான மஞ்சள் அல்லது பச்சை கசிவு இருந்தால் அது சீழ். நாயின் சாதாரண வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 39.5-ஐத் தாண்டினால் காட்டிவிடுங்கள். சீழ் வைத்த புண்ணுக்கு மருந்தைக் கண்மூடித்தனமாக மாற்றிக்கொண்டே போவதைவிட, ஒரு முறை கல்ச்சர், அதாவது எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை, எடுப்பது நல்லது. வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி வகைகள் நாய்ப் புண்களில் வருகின்றன.

*

“ஏன் உடனே திரும்பத் தைக்கவில்லை?” என்று பலர் மனம் வெதும்புகிறார்கள். மருத்துவர் அலட்சியமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. பிரிந்து சில மணி நேரம்தான், புண் சுத்தம், தோல் இழுவையில்லாமல் சேருகிறது என்றால் உடனே தைக்கலாம். சீழ் இருந்தாலோ, விளிம்பு கறுத்துச் செத்திருந்தாலோ, மேலே தைத்து மூடுவது கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான். மறுபடி பிரியும்.

அப்போது திறந்த புண்ணாகவே வைத்துச் செத்த திசுவை வெட்டி எடுப்பார்கள், தினமும் கழுவிக் கட்டு மாற்றுவார்கள். மூன்று முதல் ஐந்து நாளில் அடித்தளத்தில் மாதுளை முத்துப் போலச் சிவப்பான, பொடிப்பொடியான சதை முளைக்கும். கட்டுத்துணி உரசினாலே துளி ரத்தம் வரும். அதைப் பார்த்து அலறாதீர்கள், புண் ஆறத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம். அந்தச் சதை கிருமியை எதிர்த்து நிற்கும், அதன்பிறகு தைத்தால் பிடிக்கும். சின்னப் புண்ணாக இருந்தால் தைக்காமலே நாளுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கி மூடிக்கொள்ளும்.

ஏன் பிரிந்தது என்று கண்டுபிடிக்காமல் இரண்டாவது தையல் போட்டால் அதுவும் நிற்காது. நக்குதல், குதித்தல், கிருமி என்ற மூன்றையும் எல்லோரும் யோசிப்பார்கள். கட்டி எடுத்த இடத்தில் தோல் போதாமல் இழுத்துத் தைத்தது, முழங்கை, தொடையிடுக்கு போல ஓயாமல் அசையும் இடம், நீண்ட நாள் ஸ்டீராய்டு, குஷிங் நோய் (உடம்பே ஸ்டீராய்டை அதிகம் சுரப்பது), சர்க்கரை, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைவு ஆகியவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வயதான நாய் என்றால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் இரண்டாம் தையலுக்குச் சம்மதிக்காதீர்கள்.

*

நக்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாய் நக்கினால் புண் ஆறும் என்ற நம்பிக்கை எத்தனையோ தையலைக் காவு வாங்கியிருக்கிறது. நாக்கின் உரசல் ஒட்டிய விளிம்பைப் பிரிக்கும், வாயின் கிருமி உள்ளே போகும், முன்பற்கள் முடிச்சைத் தேடிப் பிடித்து இழுக்கும். நள்ளிரவில் ஐந்து நிமிடம் போதும்.

கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி 2, 3 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழையட்டும். காற்றடைத்த வளையம் பார்க்க வசதியாக இருக்கும். ஆனால் உடம்பு நீண்ட நாய் அதைப் போட்டுக்கொண்டே அடிவயிற்றையும் பின்னங்காலையும் எட்டிவிடும். சாப்பிடும்போது கழற்றினால் பக்கத்திலேயே உட்காருங்கள், கிண்ணம் காலியானதும் மாட்டுங்கள். கட்டு போட்டிருக்கிறதே என்று கூம்பைக் கழற்றாதீர்கள், கட்டையும் கடிக்கும்.

காலில் கட்டு என்றால் நடு இரண்டு விரல் நுனியும் வெளியே தெரியட்டும். காலை, மாலை பாருங்கள். விரல்கள் விலகி வீங்கினாலோ குளிர்ந்தாலோ கட்டு இறுக்கம், உடனே அவிழ்க்க வேண்டும். வெளியே போகும்போது பிளாஸ்டிக் உறை போட்டு, வந்ததும் எடுத்துவிடுங்கள். நனைந்த கட்டை ஒரு இரவுகூட விட்டுவைக்காதீர்கள்.

நடை என்றால் சங்கிலியில் ஐந்து நிமிடம், சிறுநீர் மலம் கழிக்க மட்டும். படி, சோபா, மற்ற நாயோடு விளையாட்டு எதுவும் கூடாது. அடங்காத நாய்க்கு டிராசோடோனோ கபாபென்டினோ எழுதித்தரச் சொல்லி வெட்கப்படாமல் கேளுங்கள். கத்திக் கத்தி அடக்குவதைவிட அது நாய்க்கும் நிம்மதி.

*

முதல் நாளே தையல் முடிச்சுகளை எண்ணி எழுதிவையுங்கள். தினமும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். எட்டு இருந்த இடத்தில் ஏழு என்றால் போனில் பேசவே ஆதாரம் கிடைத்துவிடும்.

வெளித்தையலைப் பொதுவாக 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். இரண்டாம் முறை தைத்ததற்கு நாள் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும், முதல் ஆபரேஷன் தேதியிலிருந்து எண்ணாதீர்கள். தையல் எடுத்த அன்றே பழையபடி ஓட விடவும் கூடாது. மூன்றாவது வாரத்தில் அந்தத் தோலுக்குப் பழைய வலுவில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். முழுதாக ஆறிய பிறகும் சுமார் 80 சதவீதம்தான் வரும். கூம்பையும் தையல் எடுத்த மறுநாள்வரை வைத்திருங்கள், ஊசித்துளைகள் அரிப்பதால் நாய் முதலில் நக்கப் போவது அந்த இடத்தைத்தான்.