உரோம வணிகமா, மயிர்த்தோல் வணிகமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வட அமெரிக்கப் பழங்குடியினரான டகோட்டா மக்களுக்கும் ஐரோப்பிய வணிகர்களுக்கும் இடையே நடந்த, ஆங்கிலத்தில் fur trade எனப்படும் கொடுக்கல் வாங்கலுக்கு நம் கலைச்சொல் தொகுப்பில் 'உரோம வணிகம்' என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உரோமம் என்றதும் செம்மறியாட்டிலிருந்து கத்தரித்தெடுக்கும் கம்பளிதான் வாசகர் மனத்தில் எழும். மினசோட்டா ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடத்திலிருந்த மென்டோட்டா கிடங்குக்கு வந்து சேர்ந்ததோ, கொழுப்பைச் சுரண்டி, விரித்துக் காயவைத்த, மயிர் நீங்காத முழுத்தோல். பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கின் தோலில் முரட்டு மயிருக்கு அடியில் பஞ்சுபோல் அடர்ந்திருக்கும் அடிமயிரைப் பிரித்தெடுத்து ஃபெல்ட் (மயிரை அழுத்திச் செய்யும் துணி) தொப்பி செய்வது, அத்தோல் கடல் கடந்த பிறகு நடந்த வேலை.

'தோல் வணிகம்' என்பதும் பொருந்தாது. நம் ஊரில் தோல் பதனிடுவோர் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரைக் களைந்துவிடுகிறார்கள். அங்கே அந்த மயிருக்குத்தான் விலை. ஆகவே 'மயிர்த்தோல்' என்பதே என் பரிந்துரை. பேச்சுவழக்கில் 'மயிர்' என்ற சொல் வசையாகிவிட்டதே என்று சிலர் தயங்கலாம். கவரிமாவைச் சொல்லி மானத்தின் உயர்வை உணர்த்தும் குறளில் வள்ளுவர் ஆண்ட சொல்லைக் கலைச்சொல்லில் ஆள நாம் கூச வேண்டியதில்லை.

வணிகம் என்பதற்குப் பதிலாகப் 'பண்டமாற்று' என்று எழுதுவதை நான் உறுதியாக மறுக்கிறேன். பண்டமாற்று கைக்குக் கை முடிந்துவிடும். இங்கோ வெடிமருந்து, ஈயம், கண்ணி, போர்வை ஆகியவற்றை இலையுதிர் காலத்தில் வணிகர் கடனாகக் கொடுப்பார்; வேட்டை முடிந்து வசந்தத்தில் தோலாகக் கணக்குத் தீரும். டகோட்டாப் பெண்ணை மணந்து உறவான வணிகர் உறவுமுறைக்கேற்பத் தாராளமாக நடப்பார் என்று அம்மக்கள் எதிர்பார்த்தார்கள். அவருடைய பேரேட்டிலோ தீராத பாக்கியெல்லாம் நிலுவையாகவே ஏறியது. 1851 ஜூலையில் டிராவர்ஸ் டெ சூ என்னுமிடத்தில் அமெரிக்க அரசுடனான நில உடன்படிக்கையில் ஒப்பமிட்ட தலைவர்களிடம், நிலத்துக்கு வரவேண்டிய பணத்தில் ஒரு பகுதியை வணிகர்களின் கடனுக்குத் திருப்பிவிடும் இன்னொரு தாளிலும் ஒப்பம் வாங்கிக்கொண்டார்கள். 'பண்டமாற்று' என்று நாம் எழுதினால் அந்தக் கடன் வாசகர் கண்ணுக்கே படாமல் போய்விடும்.

இலையுதிர் காலத்தில் கொடுத்த அந்தச் சரக்குக்கு, முன்பணம் என்பதைப் போல, 'முன்சரக்கு' என்று சொல்லலாமா? மென்டோட்டாவில் 1830களில் பெருமளவில் குவிந்த கஸ்தூரி எலி (muskrat) தோலுக்கும் 'மயிர்த்தோல்' தடையின்றிப் பொருந்துவதால், தொகுப்பில் 'மயிர்த்தோல் வணிகம்' என்பதையே தலைச்சொல்லாகச் சேர்க்க வேண்டுகிறேன்.